இரவு எங்கே தங்குவோம்?
வெளிநாட்டுக் கல்விச் சுற்றுலாவைத் திட்டமிடுதல்: ஒன்பதாம் வகுப்பிற்கான ஆறு பாடவேளைச் செயல்திட்டம்

மன்றப் போட்டிகளிலும் கலை, அறிவியல், விளையாட்டுப் போட்டிகளிலும் சிறந்து விளங்கும் அரசுப் பள்ளி மாணவர்கள் வெளிநாட்டுக் கல்விச் சுற்றுலா சென்று வருவது அண்மை ஆண்டுகளில் நாம் மகிழ்ந்து காணும் செய்தி. ஒரு மாவட்டத்திலிருந்து ஓரிருவர் செல்கிறார்கள். மற்ற மாணவர்கள் நாளிதழில் அந்தப் படத்தைப் பார்க்கிறார்கள். "நமக்கெல்லாம் கிடைக்குமா டீச்சர்?" என்று கேட்கிறார்கள். விமானச் சீட்டை எல்லோருக்கும் கொடுக்க ஆசிரியரால் இயலாது. ஆனால் ஒரு பயணத்தைச் சிந்தித்து, கணக்கிட்டு, பிறருக்காகத் திட்டமிடும் திறனை வகுப்பில் உள்ள எல்லோருக்கும் கொடுக்கலாம். அதற்கு ஒரு நிலவரைபடம், சில தாள்கள், ஆறு பாடவேளைகள் போதும்.

எங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் 42 பேருடன் செய்து பார்த்த செயல்திட்டம் இது. சமூக அறிவியல், கணிதம், தமிழ், ஆங்கிலம் ஆகிய நான்கு பாடங்களும் இதில் இணைகின்றன. மாணவர்களுடன் வெளிநாடு செல்லும் பொறுப்பை ஏற்கும் ஆசிரியர்களுக்கும் இதிலுள்ள குறிப்புகள் பயன்படும்.

மாணவர்களுக்குத் தந்த பணி

24 மாணவர்களும் 4 ஆசிரியர்களும் மலேசியாவிற்குச் செல்கிறார்கள். மாணவிகள் 14 பேர், மாணவர்கள் 10 பேர். ஆசிரியர்களில் இருவர் பெண்கள், இருவர் ஆண்கள். அங்கே 6 பகல், 5 இரவு தங்கலாம். எந்த ஊர்களில் தங்குவது, எந்த இடங்களைப் பார்ப்பது என்று ஒவ்வொரு குழுவும் திட்டமிட வேண்டும். ஆறு பேர் கொண்ட ஏழு குழுக்கள்.

மலேசியாவைத் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. இராசேந்திர சோழன் 1025-ஆம் ஆண்டளவில் கடற்படை அனுப்பி வென்றதாக மாணவர்கள் படிக்கும் கடாரம், இன்றைய மலேசியாவின் கெடா மாநிலப் பகுதி. பிற்காலத்தில் தோட்டங்களிலும் இரயில் பாதைகளிலும் உழைக்கச் சென்ற தமிழர்களின் வழித்தோன்றல்கள் அங்கே வாழ்கிறார்கள். 1816-இல் பினாங்கில் தொடங்கிய தமிழ்க் கல்வி, இன்று 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகளாக வளர்ந்திருக்கிறது. மலாய் மொழியில் கடை 'கெடாய்', கப்பல் 'காப்பால்', பெட்டி 'பெத்தி', கட்டில் 'காத்தில்'. இந்த நான்கு சொற்களைக் கரும்பலகையில் எழுதியதும் வகுப்பில் ஆர்வம் பற்றிக்கொண்டது.

முதல் பாடவேளை: ஆசைப் பட்டியல்

முதல் நாள் எந்தக் கட்டுப்பாடும் வைக்க வேண்டாம். பார்க்க விரும்பும் இடங்களை எல்லாம் எழுதச் சொல்லுங்கள். எங்கள் வகுப்பில் கோலாலம்பூர் இரட்டைக் கோபுரம், பத்துமலை, மலாக்கா, பினாங்கு, கடாரம், கேமரன் மலை, லங்காவி, 'பக்கத்தில்தானே' என்று சிங்கப்பூர் வரை வந்துவிட்டன. ஒரு குழு ஐந்து இரவுக்கு ஐந்து ஊர் எழுதியிருந்தது. திருத்தாமல் அப்படியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தாள் ஆறாம் பாடவேளையில் தேவைப்படும்.

இரண்டாம் பாடவேளை: 24 சென்டிமீட்டர் நாள்

ஒவ்வொரு குழுவிற்கும் 24 செ.மீ. நீளமுள்ள ஆறு தாள் பட்டைகள் கொடுங்கள். ஒரு பட்டை ஒரு நாள். ஒரு செ.மீ. ஒரு மணி நேரம். இப்போது வண்ணம் தீட்டச் சொல்லுங்கள்.

13 முதல் 18 வயதினருக்கு நாள்தோறும் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. எனவே 9 செ.மீ. நீலம். மூன்று வேளை உணவுக்கு 3 செ.மீ. மஞ்சள். குளித்துக் கிளம்பவும் இரவில் படுக்கத் தயாராகவும் 2 செ.மீ. பச்சை. கழிப்பறை, தலை எண்ணுதல், காத்திருத்தல் ஆகியவற்றுக்கு 1 செ.மீ. பழுப்பு. மீதி 9 செ.மீ. வெள்ளை. ஊர்ப் பயணத்திற்குச் சிவப்பு வண்ணம். நான்கு மணி நேரம் பேருந்தில் போனால் வெள்ளை 5 செ.மீ. ஆகச் சுருங்கிவிடும்.

"கழிப்பறைக்கு ஒரு மணி நேரமா?" என்று சிரித்தார்கள். கணக்குப் போடச் சொன்னேன். 28 பேர், நான்கு கழிப்பறை, ஒருவருக்கு மூன்று நிமிடம். ஏழு சுற்று, 21 நிமிடம். ஒரு நாளைக்கு மூன்று முறை நிறுத்தினாலே ஒரு மணி நேரம் ஆகிவிடுகிறது. சிரிப்பு நின்றது.

அடுத்து, விடுதி மாறினால் எவ்வளவு நேரம் போகும் என்று பட்டியலிடச் சொல்லுங்கள். பெட்டி கட்ட 45 நிமிடம், சாவியை ஒப்படைத்துத் தலை எண்ண 30 நிமிடம், பெட்டிகளைப் பேருந்தில் ஏற்ற 20 நிமிடம், கோலாலம்பூர் – மலாக்கா போன்ற சுமார் 150 கி.மீ. பயணத்திற்கு இரண்டு மணி நேரம், புதிய விடுதியில் அறை பெற 30 நிமிடம். மொத்தம் 245 நிமிடம். பெரும்பாலான விடுதிகள் பிற்பகல் 2 அல்லது 3 மணிக்குத்தான் அறை தருகின்றன. ஆக, ஒரு படுக்கை மாற்றத்தின் விலை அரை நாள். ஐந்து இரவுக்கு ஐந்து ஊர் எழுதிய குழு தானாகவே அழிப்பானை எடுத்தது.

இந்தப் பாடவேளையின் முடிவில் வகுப்பே ஒரு விதியை வகுத்தது: முதலில் இரவை எழுது, பிறகு பகலை எழுது. இரவில் எங்கே தங்குகிறோம் என்பது உறுதியானால், பகலில் எதைப் பார்க்க முடியும் என்பது தானே தெரிந்துவிடுகிறது. இடம் மாறும் நாளில் இரண்டு இடங்களுக்கு மேல் இல்லை, ஒரே ஊரில் தங்கும் நாளில் மூன்றுக்கு மேல் இல்லை என்ற அளவும் அன்றே உருவானது.

மூன்றாம் பாடவேளை: கடிகாரமும் வரைபடமும்

தீர்க்கக்கோடுகளை ஆறாம் வகுப்பிலேயே படித்திருக்கிறார்கள். அந்த அறிவு இங்கே உதவுகிறது. இந்தியத் திட்ட நேரம் 82½° கிழக்குத் தீர்க்கக்கோட்டை ஒட்டியது. மலேசியா பின்பற்றும் நேரம் 120° கிழக்குத் தீர்க்கக்கோட்டுக்கு உரியது. வேறுபாடு 37½°. ஒரு டிகிரிக்கு 4 நிமிடம் என்றால் 150 நிமிடம். அதாவது, மலேசியக் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னே ஓடுகிறது.

இதில் ஒரு சுவையான வினா உள்ளது. கோலாலம்பூர் இருப்பதோ ஏறத்தாழ 102° கிழக்கில். கடிகாரம் மட்டும் 120°-க்கு உரியது. என்ன ஆகும்? சூரியன் கடிகாரப்படி தாமதமாகத்தான் உதிக்கும். அங்கே விடிவது காலை 7 மணியை ஒட்டி, இருட்டுவது மாலை 7 மணிக்குப் பிறகு. நிலநடுக்கோட்டிற்கு மிக அருகில் இருப்பதால் ஆண்டு முழுவதும் இதில் பெரிய மாற்றம் இல்லை. பயணத் திட்டத்தில் இதன் பொருள் என்ன? அங்கே காலை 6.30 மணிக்கு எழுப்பினால் நம் குழந்தையின் உடலுக்கு அது விடியற்காலை 4 மணி. எனவே விடுதியிலிருந்து கிளம்பும் நேரத்தை 8.30 என்று வைக்கலாம். மாலையில் 7 மணி வரை வெளிச்சம் இருப்பதால் இழப்பு எதுவும் இல்லை.

இரவு விமானத்தையும் இங்கேயே பேசிவிடலாம். சென்னையிலிருந்து கோலாலம்பூருக்குச் சுமார் நான்கு மணி நேரம். நள்ளிரவில் ஏறினால் அங்கே காலை 6.30 மணி அளவில் இறங்குவோம். விடுதிச் செலவில் ஓர் இரவு மிச்சம் என்று தோன்றும். ஆனால் முதல் முறை விமானம் ஏறும் குழந்தை தூங்கியிருக்காது. அறையும் பிற்பகல்தான் கிடைக்கும். அந்த முதல் நாளில் பெரிய இடம் எதையும் வைக்கக் கூடாது என்று குழுக்கள் முடிவு செய்தன.

பிறகு வரைபடம். சென்னை விமானம் இறங்கும் செப்பாங் விமான நிலையம் கோலாலம்பூர் நகரத்திற்குத் தெற்கே சுமார் 50 கி.மீ. தொலைவில் உள்ளது. மலாக்காவும் தெற்கேதான். தலைநகரத்திற்குப் போய்விட்டு மீண்டும் தெற்கே வருவதற்குப் பதில், இறங்கியவுடன் நேராக மலாக்காவுக்குப் போய்விடலாமே! நான் சொல்லித் தரவில்லை. அளவுகோலை வைத்துப் பார்த்த ஒரு மாணவி கண்டுபிடித்தது. கோலாலம்பூர் என்ற பெயரை முதலில் எழுதியிருந்த ஐந்து குழுக்கள் தங்கள் வரிசையை மாற்றின.

நான்காம் பாடவேளை: கடாரமா, மலாக்காவா?

இப்போது விவாதம். கடாரத்தைப் பார்க்காமல் மலேசியா எதற்கு என்பது ஒரு தரப்பு. நியாயமான கேள்விதான். கெடா மாநிலத்தின் பூஜாங் பள்ளத்தாக்கில் பழங்காலக் கோயில்களின் அடித்தளங்கள் அகழ்ந்து எடுக்கப்பட்டுள்ளன. மெர்போக் என்னும் ஊரில் தொல்லியல் அருங்காட்சியகமும் உள்ளது. பாடநூலில் ஒரு வரியாகப் படித்தது அங்கே கல்லாகக் கிடக்கிறது.

கோலாலம்பூரிலிருந்து பட்டர்வொர்த்துக்கு விரைவு இரயிலில் நான்கு மணி நேரத்திற்குச் சற்றுக் கூடுதல். அங்கிருந்து மெர்போக்குக்குச் சாலை வழியே ஏறத்தாழ ஒரு மணி நேரம். போய்வர 11 மணி நேரம் என்று வைத்துக்கொண்டு பட்டையில் சிவப்புத் தீட்டச் சொன்னேன். தூக்கம், உணவு முதலியவை போக வெள்ளை 9 செ.மீ. மட்டுமே. சிவப்பு 11. விடை –2. தாள் போதவில்லை! குறை எண்ணின் பொருளை இதைவிடத் தெளிவாக என்னால் கற்பித்திருக்க முடியாது.

ஆக, கடாரம் வேண்டுமென்றால் வடக்கே ஜார்ஜ் டவுனில் தங்க வேண்டும். மலாக்காவும் ஜார்ஜ் டவுனும் 2008-இல் ஒன்றாக யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னப் பட்டியலில் சேர்ந்த நகரங்கள். ஐந்து இரவில் இரண்டையும் சேர்க்கப் பார்த்தால் பேருந்தில்தான் வாழ வேண்டும். ஒன்றை விட்டாக வேண்டும்.

மலாக்கா தரப்பு சொன்னவை: 1511-இல் போர்ச்சுகீசியர், 1641-இல் டச்சுக்காரர், 1824-இல் ஆங்கிலேயர் என மூன்று ஐரோப்பிய ஆட்சிகளின் தடங்களையும் ஒரே நகரத்தில் நடந்தே பார்க்கலாம். போர்ச்சுகீசியக் கோட்டை வாயில், டச்சுக்காரர்களின் சிவப்புக் கட்டடங்கள், செயின்ட் பால் குன்று எல்லாம் அருகருகே உள்ளன. பொற்கொல்லர் தெருவில் 1781-இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயிலும், பழைய பள்ளிவாசலும், சீனக் கோயிலும் ஒரே வரிசையில் இருக்கின்றன. தமிழ் மொழியை மறந்தும் வழிபாட்டை மறவாத மலாக்கா செட்டிகள் வாழும் குடியிருப்பும் அந்நகரில் உண்டு.

ஜார்ஜ் டவுன் தரப்பு விடவில்லை. இரயிலை விட்டு இறங்கி படகுத் துறைக்கு நடந்தே போய்க் கடலைக் கடக்கலாம் என்றது. அங்கும் அருகருகே தேவாலயம், சீனக் கோயில், மாரியம்மன் கோயில், தமிழ் முஸ்லிம்களின் வரலாற்றோடு இணைந்த கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் ஆகியவை உள்ளன என்று வாதிட்டது. "இரட்டைக் கோபுரத்தைப் போன்லயே பார்த்துக்கலாம். கடாரத்தை யாரு காட்டப் போறாங்க?" என்று ஒரு மாணவி கேட்டபோது கைதட்டல் எழுந்தது. ஆனால் அவர்கள் திட்டத்தில் கோலாலம்பூர், ஜார்ஜ் டவுன், மீண்டும் கோலாலம்பூர் என்று படுக்கை மாற்றம் கூடுதலாக இருந்தது. வாக்கெடுப்பில் மலாக்கா வென்றது.

இங்கே ஒரு பத்தியை எல்லாத் திட்டத்திலும் கட்டாயமாக்குங்கள்: 'விட்ட இடங்களும் காரணமும்'. எங்கள் வகுப்பின் இறுதித் தாளில் 'விட்ட இடம்: கடாரம். காரணம்: இரண்டு இரவு குறைகிறது. ஏழு இரவு கிடைத்தால் முதலில் சேர்க்க வேண்டியது' என்று இருக்கிறது. எதை விட்டோம், ஏன் விட்டோம் என்று எழுதத் தெரிந்த மாணவருக்கே திட்டமிடல் கைவந்ததாக நான் மதிப்பிடுகிறேன்.

ஐந்தாம் பாடவேளை: ஏழு பயணி அட்டைகள்

இந்தச் செயல்திட்டத்தின் உயிர்நாடி இந்தப் பாடவேளைதான். திட்டம் முடிந்துவிட்டது என்று குழுக்கள் நினைக்கும் நேரத்தில் குழுவிற்கு ஓர் அட்டை கொடுங்கள். உங்கள் பயணத்தில் வரும் ஒரு குழந்தை இவர் என்று சொல்லுங்கள். அட்டையில் உள்ளவர் வகுப்பில் உள்ள எவரையும் சுட்டுவதாக இருக்கக் கூடாது.

அட்டை 1: ஆஸ்துமா உள்ளவர்.
அட்டை 2: காலில் கேலிப்பர் அணிந்து நடப்பவர்.
அட்டை 3: பயணத்தின் இரண்டாம் நாள் மாதவிடாய் தொடங்கும் மாணவி.
அட்டை 4: முட்டைகூடச் சாப்பிடாதவர்.
அட்டை 5: ஓர் இரவுகூட அம்மாவைப் பிரிந்து தூங்கியிராதவர்.
அட்டை 6: செவித்துணைக் கருவி அணிபவர்.
அட்டை 7: பேருந்தில் ஏறினாலே வாந்தி எடுப்பவர்.

பத்துமலை முருகன் கோயிலுக்கு 272 படிகள். இரண்டாம் அட்டை கிடைத்த குழு, "அவர் கீழேயே ஒரு சாரோட உட்காரட்டும்" என்று எழுதியது. பக்கத்துக் குழு மாணவன் கேட்டான்: "அப்போ அவன் அவ்வளவு தூரம் எதுக்கு டீச்சர் வந்தான்?" யாரும் பதில் சொல்லவில்லை. சற்று நேரம் கழித்துத் திட்டம் மாறியது. 42.7 மீட்டர் உயரமுள்ள முருகன் சிலை அடிவாரத்தில்தான் இருக்கிறது. அடிவாரத்திலும் பார்க்க வேண்டியவை உண்டு. 28 பேரும் இரண்டு அணியாகப் பிரிவது, ஓர் அணி ஏறும்போது மற்ற அணி கீழே பார்ப்பது, பிறகு மாறிக்கொள்வது. படி ஏற விரும்பாத எவரும் இரண்டு முறையும் கீழே இருக்கலாம். அப்படி இருப்பவருக்குத் துணையும் உண்டு, பார்க்க இடமும் உண்டு. 272 படியில் ஒரே நேரத்தில் 28 பேர் ஏறும் நெரிசலும் இதனால் குறைகிறது. ஒருவருக்காக மாற்றியது எல்லோருக்கும் நன்மையாக முடிந்தது.

ஐந்தாம் அட்டைக்குத் தீர்வாக இரவு 8 மணிக்கு அம்மாவுடன் பேச வைக்கலாம் என்றனர். அங்கே 8 மணி என்றால் இங்கே மாலை 5.30. "எங்கம்மா மில்லுல இருந்து வர ஏழு மணி ஆகும்" என்றாள் ஒரு மாணவி. அழைப்பு நேரம் மலேசிய நேரப்படி 9.30-க்கு மாறியது. முந்தைய நாள் போட்ட தீர்க்கக்கோட்டுக் கணக்கு ஒரு தாயின் வேலை நேரத்தோடு வந்து சேர்ந்தது.

நான்காம் அட்டை உணவைப் பற்றி ஆராய வைத்தது. வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகள் மலேசியாவில் எளிதாகக் கிடைக்கும். ஆனால் அந்நாட்டின் பெயர்பெற்ற 'நாசி லெமாக்' உணவில் நெத்திலிக் கருவாடும் வேர்க்கடலையும் இருக்கும். பல காரச் சாந்துகளில் இறால் விழுது சேரும். காய்கறி உணவு என்று கேட்டால் மட்டும் போதாது, மீனும் இறாலும் சேர்ந்திருக்கிறதா என்றும் கேட்க வேண்டும். வேர்க்கடலை ஒவ்வாமை உள்ள குழந்தைக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

ஆறாம் அட்டைக்காரர் இரவில் கருவியைக் கழற்றிவிடுவார். அபாய மணி ஒலித்தால் கேட்காது. எனவே அவரைத் தனியே விடாமல் மூவர் அறையில் அமர்த்த வேண்டும். இதைச் சொன்னது வகுப்பில் அதிகம் பேசாத மாணவர். ஏழாம் அட்டைக்கு முன்வரிசை இருக்கையும், கிளம்புமுன் எளிய உணவும் தீர்வாயின. மூன்றாம் அட்டையைக் கையாளும்போது மாணவர்களும் உடனிருந்து கேட்பது நல்லது. நாப்கின் பை பெண் ஆசிரியரிடம் எப்போதும் இருக்கும், அன்று கழிப்பறை நிறுத்தம் கூடும், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள் என்று அந்தக் குழு எழுதியது.

ஆறாம் பாடவேளை: அறைப் பங்கீடும் இறுதித் திட்டமும்

14 மாணவிகளுக்கு மூவர் அறை நான்கும் இருவர் அறை ஒன்றும். 10 மாணவர்களுக்கு மூவர் அறை இரண்டும் இருவர் அறை இரண்டும். ஆசிரியர்களுக்கு இருவர் அறை இரண்டு. மொத்தம் 11 அறைகள். வேறு எப்படியெல்லாம் பிரிக்கலாம் என்று கேட்டால் அதுவே நல்ல கணக்கு. ஒவ்வொரு முறைக்கும் செலவு எவ்வளவு என்பதை அன்றைய ரிங்கிட் மாற்று விகிதத்தை நாளிதழில் பார்த்துக் கணக்கிடச் சொல்லலாம்.

எங்கள் வகுப்பின் இறுதித் திட்டம் இது.

நாள் 1: காலை செப்பாங்கில் இறங்கி நேராக மலாக்கா. ஓய்வு. மாலையில் ஆற்றங்கரை, டச்சுச் சதுக்கம். இரவு மலாக்கா.
நாள் 2: காலையில் செயின்ட் பால் குன்றும் கோட்டை வாயிலும். வெயில் நேரத்தில் ஓய்வு. மாலையில் பொற்கொல்லர் தெரு. இரவு மலாக்கா.
நாள் 3: கோலாலம்பூர் பயணம். பிற்பகல் தேசிய அருங்காட்சியகம். இரவு கோலாலம்பூர்.
நாள் 4: காலை வெயிலுக்கு முன் பத்துமலை. மாலையில் 452 மீட்டர் உயர இரட்டைக் கோபுரம். இரவு கோலாலம்பூர்.
நாள் 5: ஒரு தமிழ்ப் பள்ளியில் மாணவர்களுடன் அரை நாள். மாலையில் அறிக்கை எழுதுதல், பெட்டி கட்டுதல். இரவு கோலாலம்பூர்.
நாள் 6: விமான நிலையம்.

ஐந்து இரவுக்கு ஒரே ஒரு படுக்கை மாற்றம். இறுதியாக, முதல் நாள் எழுதிய ஆசைப் பட்டியலைத் திருப்பிக் கொடுங்கள். இரண்டையும் அருகருகே வைத்து, என்ன மாறியது என்று ஒரு பக்கம் எழுதட்டும். அந்தப் பக்கமே மதிப்பீட்டுக்கு உரிய சான்று. கணக்கின் சரித்தன்மை, வரைபடத் திறன், விட்ட இடங்களுக்கான காரணம், பயணி அட்டைக்கான தீர்வு என நான்கு கூறுகளுக்குத் தலா 5 மதிப்பெண் அளித்தேன்.

உண்மையிலேயே அழைத்துச் செல்லும் ஆசிரியர்களுக்கு

மேற்கண்டவை எல்லாம் மெய்யான பயணத்திற்கும் பொருந்தும். கூடுதலாகச் சில குறிப்புகள்.

கடவுச்சீட்டு குறைந்தது ஆறு மாதம் செல்லத்தக்கதாக இருக்க வேண்டும். பெயர் எழுத்துகள் பயணச்சீட்டிலும் அவ்வாறே இருக்கின்றனவா என்று பாருங்கள். விசா விதிகள் மாறுபவை. எனவே புறப்படும் முன் அரசு இணையதளத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். மலேசியாவிற்கு மின்னணு வருகைப் படிவத்தைப் பயணத்திற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்ப வேண்டும்.

விடுதியில் எல்லா அறைகளும் ஒரே தளத்தில் கிடைக்குமா என்று முன்பதிவின்போதே கேளுங்கள். ஆசிரியர் அறைகள் மாணவர் அறை வரிசையின் இரு முனைகளிலும் இருந்தால் நல்லது. வந்ததும் ஒவ்வொரு குழந்தையும் தன் அறையிலிருந்து அவசரப் படிக்கட்டு வரை எத்தனை கதவுகள் என்று எண்ணிவிட்டு வரட்டும். மின்சாரம் போய் இருட்டானாலும் அந்த எண் கைகொடுக்கும்.

அட்டைச் சாவி, மேலைநாட்டுக் கழிப்பறை, சுடுநீர்க் குழாய், மின்தூக்கி, குளிர்சாதனம் ஆகியவற்றை முதல் நாளே ஓர் அறையில் எல்லோருக்கும் இயக்கிக் காட்டுங்கள். யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாது என்று கேட்காமல் பொதுவாகக் காட்டிவிட்டால் எந்தக் குழந்தையும் கூச்சப்படாது. மலேசிய மின்செருகி மூன்று செவ்வக முனைகள் கொண்டது. அதற்கேற்ற இணைப்பிகள் நான்கைந்து பொதுவாக எடுத்துச் செல்லலாம்.

விடுதியின் பெயரும் முகவரியும் ஆசிரியர் எண்ணும் எழுதிய சீட்டு ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இருக்கட்டும். மூவர் அணியாகவே நடக்க வேண்டும். வழி தவறினால் தேடி அலையாமல் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும் என்பதைப் பள்ளி மைதானத்திலேயே ஒருமுறை நடித்துப் பழகுங்கள். மலேசியாவின் அவசர உதவி எண் 999.

சில அருங்காட்சியகங்களும் இரட்டைக் கோபுரத்தின் பாலமும் திங்கட்கிழமை மூடியிருக்கும். கிழமையைப் பார்த்த பிறகே நாள் வரிசையை உறுதி செய்யுங்கள். பிற்பகலில் இடியுடன் மழை பெய்வது அங்கே வழக்கம் என்பதால் திறந்தவெளி இடங்களைக் காலையில் வையுங்கள்.

தொடக்க வகுப்புகளில்

நான்காம், ஐந்தாம் வகுப்புகளில் இதையே உள்ளூர் அளவில் செய்யலாம். மாவட்டத்திலுள்ள ஓர் அணை, கோட்டை அல்லது கடற்கரைக்கு ஒரு நாள் போய்வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். 24 செ.மீ. பட்டைக்குப் பதில் காலை 8 முதல் மாலை 6 வரை பத்துக் கட்டங்கள் போதும். பயணி அட்டைகளாகப் பாட்டி, கைக்குழந்தை, வெயில் ஒத்துக்கொள்ளாத தம்பி என்று வைக்கலாம். 'பாட்டிக்கு எங்கே நிழல்?' என்ற ஒரு கேள்வியே அவர்களை வெகுதூரம் சிந்திக்க வைக்கும்.

எங்கள் 42 பேரில் எத்தனை பேர் கோலாலம்பூரைப் பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் நாளை அவர்கள் ஒரு குடும்பத்தையோ, அலுவலகக் குழுவையோ, ஊர் மக்களையோ எங்காவது அழைத்துச் செல்வார்கள். அப்போது இரவு தங்குமிடத்தை முதலில் எழுதுவார்கள். படியேற முடியாத ஒருவர் உடன் வருகிறாரா என்று கேட்பார்கள். வரும் வாரத்திலேயே உங்கள் வகுப்பில் 24 செ.மீ. பட்டைகளை வெட்டித் தொடங்கிப் பாருங்கள்.